சைரன் ஒலித்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

2021-ஆம் வருடம் என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது கொரோனா. அடுத்தது அந்த நவம்பர் மழை. குளமும் வயலும் ஒன்றாகக் கிடந்தன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து, திருவனந்தபுரம் போகிற ரயில்கள் நின்றுபோயின. நம் பாடே பெரும்பாடாக இருந்த அந்த வருடத்தில் உலகின் வேறு சில மூலைகளில் சுழல்காற்று என்ன பாடு படுத்தியது என்று கவனிக்க இங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது. டார்னடோ என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்தச் சுழல்காற்றைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

ஒக்கியைப் பார்த்த ஜனங்கள் நாம். ஒக்கி போன்ற புயல் கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் நகரும். சுழல்காற்று அப்படியில்லை. ஒரு பெரிய இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்கி, சில நூறு மீட்டர் அகலத்தில் ஓடி, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீழே வெப்பமும் ஈரமுமான காற்று, மேலே குளிர்ந்து வறண்ட காற்று. அதோடு உயரம் ஏற ஏறக் காற்றின் திசையும் வேகமும் மாற வேண்டும். அப்போது மேகத்துக்குள்ளேயே ஒரு சுழற்சி உண்டாகி, குறுகக் குறுக வேகம் பிடிக்கிறது. அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும், ராக்கி மலைப்பக்கமிருந்து வறட்சியும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் அங்கே இது அடிக்கடி நடக்கிறது.

இதன் வேகத்தை நேரடியாக அளப்பது அபூர்வம். காற்று போன பிறகு, இடிந்த சுவரையும் முறிந்த மரத்தையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். 1971-ல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்த இடங்களை நேரில் ஆராய்ந்தவர் அவர். மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதை வைத்தே நடந்ததைப் படிக்கிற வித்தை அங்கேயே அவருக்குப் பழகிவிட்டது.

சரி, 2021-க்கு வருவோம். மே 14-ஆம் தேதி சீனாவில் ஒரே மாலையில் இரண்டு சுழல்காற்றுகள் இறங்கின. ஒன்று சூஜோ பக்கம், இன்னொன்று வூஹானில். வூஹான் என்றால் நமக்கு வேறு ஞாபகம்தான் வரும். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜூன் 24 மாலை செக் குடியரசின் தெற்கு மொராவியாவில் இறங்கியது, அந்நாட்டில் இந்தத் தலைமுறை கண்டிராத ஒன்று. ஹ்ருஷ்கி, மிக்குல்ச்சிட்சே, லுஜிட்சே என்று வரிசையாகத் திராட்சை விளையும் கிராமங்கள். சுமார் 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டதுபோல் போயிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதம். இறந்தவர்கள் 6 பேர். அந்த 6 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 10 இரவு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடந்ததை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் அங்கே கடுங்குளிர் மாதம். ஆனால் அந்த வாரம் பருவம் தப்பிய வெப்பம். அன்று எழுந்த சுழல்காற்றுகளில் ஒன்று சுமார் 3 மணி நேரம் தரையை விட்டு எழும்பாமல் 266 கிலோமீட்டர் ஓடியது. நாகர்கோவிலில் புறப்பட்டு மதுரையைத் தாண்டுகிற தூரம். கணக்கிட்ட வேகம் மணிக்கு 305 கிலோமீட்டர். அந்த ஒன்றில் மட்டும் 57 பேர் போனார்கள். மேஃபீல்ட் என்ற சிற்றூரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் மணிக்கூண்டே இல்லாமல் போயிற்று.

டாசன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டிலிருந்து பறந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியானா மாநிலத்தில் ஒரு பெண்ணின் கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்புறத்தில் பெயர்களும் 1942 என்ற ஆண்டும் மையில் எழுதியிருந்தன. அவர் அதை ஃபேஸ்புக்கில் போட, உரியவர்கள் கிடைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் பழைய படம் அவர்களிடமே திரும்ப வழி பிறந்தது.

மேஃபீல்டில் அந்தக் காற்றில் இடிந்துபோன ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை. கிறிஸ்துமஸ் நேரம், ராத்திரி பகல் பாராமல் வேலை. அன்று உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வானிலைத் துறை பகலிலேயே அபாயம் சொல்லியிருந்தது. சைரனும் ஒலித்தது. அப்புறமும் அத்தனை பேர் உள்ளே இருந்தது ஏன்? தப்பியவர்களில் சிலர் பத்திரிகைகளிடம் சொன்னது இது: வீட்டுக்குப் போக அனுமதி கேட்டோம், போனால் வேலை போகும் என்றார்கள். நிர்வாகம் இதை மறுத்தது. எது உண்மை என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சைரன் கேட்ட பிறகும் 'சம்பளம் என்ன ஆகும்' என்று யோசிக்கிற நிலையில் ஒரு ஆள் நின்றால், அந்தச் சைரனுக்குப் பாதிப் பலன்தான்.

செக் குடியரசில் 6 பேர் என்றேனே, அதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் இறங்கிய சுழல்காற்றில் சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. உலகிலேயே இதுவரை அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். அங்கே தகரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய வீடுகள், நெருக்கமான ஜனம், முன்னால் சொல்ல ஆளில்லை. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்காது.

நம் மாவட்டத்தில் சுழல்காற்று வந்து ஊரை அழிக்கும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. கடலில் எப்போதாவது நீர்த்தூண் எழும்பும். கடற்கரைக்காரர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது கரை ஏறாது. நமக்குப் பயம் புயல்தான். ஒக்கி புயலாக வலுத்தது 2017 நவம்பர் 30 காலையில், அதுவும் கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகு அருகில். கரையில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன, கரண்ட் போயிற்று. அது பெரிய நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, தூத்தூர் என்று அந்த வரிசையில் ஊருக்கு ஊர் ஆள் போனது கடலில். தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன படகுகள் கரையை விட்டு எவ்வளவோ தூரத்தில் இருந்தன. கோயில் மைக்கில் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்காது. வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது.

அதற்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே எச்சரிக்கை அனுப்புகிற ஜெமினி என்ற கருவி 2019-ல் வந்தது. தகவல் வரும், பதில் சொல்ல முடியாது. அது ஒரு குறை. இரண்டு பக்கமும் செய்தி போய்வருகிற டிரான்ஸ்பாண்டரைப் படகுகளில் பொருத்தும் வேலையும் தொடங்கியிருக்கிறது. செய்தி போய்ச் சேருகிற வழி ஓரளவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம்தான் அந்த மெழுகுவர்த்தித் தொழிற்சாலைக் கேள்வி நம் படகிலும் வந்து நிற்கிறது. டீசல், ஐஸ், அரிசி, பலசரக்கு எல்லாம் கடனுக்கு ஏற்றிக்கொண்டு போன படகு அது. நாலாம் நாளில் 'திரும்பி வா' என்று கருவியில் எழுத்து வருகிறது. மீன் அறை காலி. திரும்பினால் அந்தக் கடனை யார் அடைப்பது? வானமும் அப்போது வெளுத்துத்தான் இருக்கும். படகை ஓட்டும் ஸ்ராங்கு என்ன முடிவெடுப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்து பாதியில் திரும்பும் படகுக்கு டீசல் செலவில் ஒரு பங்கையாவது ஈடுகட்டும் ஏற்பாடு வேண்டும் என்பது என் கட்சி. பயிருக்கு இன்சூரன்ஸ் உண்டு. திரும்பி வந்த படகின் அந்த நடைக்கும் ஒன்று இருக்கலாமே. கருவிக்குச் செலவிடுகிற பணத்தோடு இதையும் சேர்த்துக் கேட்க மீனவர் சங்கங்களுக்கு இதுதான் நேரம்.

நன்றி, வணக்கம்.