நெட் வேண்டுமா என்று கேட்காதீர்கள்

(ஊராட்சிப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஊராட்சிச் செயலர்களுக்கும் வணக்கம்.

“நம்ம ஊருக்கு நெட் வேணுமா?” என்று கிராம சபையில் கேட்டுப் பாருங்கள், எல்லாக் கையும் மேலே போகும். அதை வைத்து என்ன செய்வது? யாருக்கு, எதற்கு, எந்த நேரத்தில் வேண்டும் என்று கேட்டால்தான் ஊரின் தேவை வெளியே வரும்.

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியை இறக்குமுன் ஊர்மக்களிடம் உட்கார்ந்து விசாரித்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தெரிய வேண்டியது அலை எவ்வளவு உயரம் எழும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தக் கணிப்பு கிடைத்தது. ஆனால் கடலுக்குக் கிளம்புகிறவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கணினி முன் வந்து உட்காருவாரா? ஒலிபெருக்கி கட்டித் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று, பக்கத்து நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு எச்சரித்தார். நல்லவாட்டு மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரைக் கிளப்பியது.

மையத்துக்கு வாடகையில்லாத இடம் ஊர் தர வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இது அன்று அந்த நிறுவனம் போட்ட நிபந்தனை. எந்தக் கட்டடத்தில் வைக்கிறோம் என்பதிலேயே யார் படியேறுவார், யார் தயங்கி நிற்பார் என்பது முடிவாகிவிடுகிறது. இத்தனையும் நடந்தபோது புதுச்சேரியில் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தே கிடையாது. 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான்!

தொலைத்தொடர்பு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அரசியலமைப்பில் ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 துறைகளில் இணையம் என்ற பேச்சே இல்லை. அதனால் “நமக்கென்ன அதிகாரம்” என்று சும்மா இருந்துவிடுகிறோம். நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இணையத்துக்கான கண்ணாடியிழை கேபிளைக் கொண்டுபோவது மத்திய அரசின் பாரத்நெட் திட்டம். கேபிள் வந்து நிற்கும் பெட்டி உங்கள் அறையில், சாவி உங்கள் கையில், கரண்ட் பில் உங்கள் கணக்கில். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அந்தக் கேபிளால் என்ன லாபம்?

நூறு நாள் வேலைக்கு 2023 முதல் வருகைப்பதிவைப் போட்டோவோடு செல்போன் செயலியில் ஏற்றச் சொன்னார்கள். பணித்தளப் பொறுப்பாளர் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கடையில் பாட்டி கைரேகை வைத்துவிட்டு நிற்க, இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கம்பெனியின் வரைபடத்திலும் இது தெரியாது. அவர்கள் கணக்கில் உங்கள் ஊரில் டவர் இருக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 1 கிராம சபைக்குள் வார்டு வார்டாக எழுதி வாங்குங்கள். எந்தத் தெருவில் எந்த நெட்வொர்க் எடுக்கவில்லை, ரேஷன் இயந்திரம் எந்தெந்த நாள் நின்றது, ஊராட்சி அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டில் ஒரே போன் என்றால் அது பகலில் யார் பையில் போகிறது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். பிறகு அதைத் தீர்மானமாகப் போட்டு, ஒரு நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள்.