வெம்பன்யாமா குறைவாகவே ஆடட்டும்! ஏன் இப்படிச் சொல்கிறேன்?

வணக்கம் நண்பர்களே! இன்று முழுக்க முழுக்க விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் பிரெஞ்சு வீரர். உயரம் 224 சென்டிமீட்டர், கைகளை விரித்தால் ஏறக்குறைய 243 சென்டிமீட்டர், 2025 டிசம்பரில் வயது 21. இதையெல்லாம் நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது அவர் ஆடாமல் விட்ட ஆட்டங்களைப் பற்றி. சரியான நேரத்தில் ஆடாமல் இருந்ததுதான் இவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது என்பது என் கட்சி. போகப் போக ஆதாரங்களை வைக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் குடும்பம். 2004 ஜனவரி 4 அன்று, பாரிசுக்கு அருகில் வெர்சாய் நகரை ஒட்டிய லெ ஷெஸ்னேயில் பிறந்தார். அம்மா எலோடி கூடைப்பந்து வீராங்கனையாக இருந்து பயிற்சியாளரானவர். அப்பா ஃபெலிக்ஸ், காங்கோவைப் பூர்வீகமாகக் கொண்ட தடகள வீரர். தாண்டுதல் போட்டிகளில் பங்கேற்றவர். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் கூடைப்பந்து ஆடியவர். அக்கா ஈவ், தம்பி ஆஸ்கர் இருவரும் அதே ஆட்டம்தான். விக்டர் மட்டும் சின்ன வயதில் கால்பந்தில் கோல்கீப்பராக நின்றார், ஜூடோவும் கற்றார். பத்து வயதில் நான்தேர் கழகத்தில் சேர்ந்தார். 2019 அக்டோபரில், 15 வயதிலேயே, அந்தக் கழகத்தின் முதல் அணிக்காக யூரோகப் என்ற ஐரோப்பியப் போட்டியில் களமிறங்கினார்.

அந்த வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு உயரமான பையன் கிடைத்தால் வளையத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'பந்து மேலே வந்தால் பிடி, பிடித்ததும் உள்ளே போடு' என்று சொல்லிவிடுவதே வழக்கம். இவரைப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட விட்டார்கள், தூரத்திலிருந்து எறிய விட்டார்கள். அதன் பலனை இந்தக் காட்சியில் பாருங்கள். மெட்ரோபாலிட்டன்ஸ் 92 அணிக்காக ஆடியபோது எடுத்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். எறிகிறார். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு மேலே எழும்புகிறது. இங்கே நிறுத்துகிறேன், அவருடைய கால்களைக் கவனியுங்கள். எறிந்து முடித்த அந்த நொடியிலேயே ஓடத் தொடங்கிவிட்டார். நீண்ட எட்டுகள் சில வைக்கிறார், பந்து கீழே இறங்குவதற்குள் காற்றிலேயே ஒரு கையால் பிடித்து, வளையத்துக்குள் அறைகிறார். தான் தவறவிட்ட மூன்று புள்ளி எறிதலைத் தானே ஓடிப்போய் டங்க் செய்கிறார்! அந்த தூரத்திலிருந்து இதைச் செய்த இன்னொரு வீரரை நான் பார்த்ததில்லை.

சரி, ஆடாமல் விட்ட கதைக்கு வருவோம்.

2021-22 பருவத்தில் பிரான்சின் ஆஸ்வெல் அணியில் இருந்தார். முன்னாள் என்பிஏ நட்சத்திரம் டோனி பார்க்கர் அப்போது தலைவராக இருந்த கழகம்; பிரெஞ்சு லீக் பட்டத்தையும் அந்த ஆண்டு வென்றது. ஆனால் காயங்கள் துரத்தின, ஆடும் நிமிடங்களும் குறைவு. பட்டம் வென்ற பெரிய அணியை விட்டு எந்த இளைஞனாவது போவானா? இவர் போனார். 2022 கோடையில் மெட்ரோபாலிட்டன்ஸ் அணிக்கு மாறினார். ஆஸ்வெல் உள்நாட்டு லீக்கோடு யூரோலீக் என்ற ஐரோப்பியப் போட்டியிலும் ஆடிய அணி, ஓய்வுக்கு நேரமே கிடையாது. மெட்ரோபாலிட்டன்ஸ் அந்தப் பருவத்தில் ஐரோப்பியப் போட்டி எதிலும் இல்லை. ஆட்டங்கள் குறைவு, உடலைத் தயார் செய்ய நேரம் அதிகம், பயிற்சியாளரோ பிரான்ஸ் தேசிய அணியின் வின்சென்ட் கொலே. அந்த ஓர் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.6 புள்ளிகள், 10.4 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), 3 பிளாக் (எதிரணியின் எறிதலைத் தடுப்பது). லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான், அதுவும் அந்த விருதை வென்றவர்களிலேயே மிக இளையவராக. 2022 அக்டோபரில் லாஸ் வேகாஸுக்கு அருகில், அமெரிக்க இளம் நட்சத்திரம் ஸ்கூட் ஹெண்டர்சன் இருந்த ஜி லீக் இக்னைட் அணிக்கு எதிராக 37, பிறகு 36 என்று புள்ளிகள் குவித்ததும் அமெரிக்கா மிரண்டது. இவரை வேற்றுக்கிரகவாசி என்றே சொல்லிவிட்டார் லெப்ரான் ஜேம்ஸ்.

2023 ஜூன் 22, புரூக்ளின் பார்க்லேஸ் சென்டர். அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் முதல் தேர்வு, எடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி. அந்த அணி இதற்கு முன் முதல் தேர்வைப் பயன்படுத்தியது இரண்டே முறை: 1987இல் டேவிட் ராபின்சன், 1997இல் டிம் டங்கன். இருவரும் பட்டம் வாங்கித் தந்தவர்கள். அந்த வரிசையில் போய் நிற்கும் 19 வயது இளைஞனின் தலையில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

டிராஃப்ட் முடிந்த சில நாட்களிலேயே, அந்த ஆண்டு உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் இல்லாமல் போன பிரான்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பருவத்துக்கு முன் இளம் வீரர்களுக்காக நடக்கும் கோடை லீக்கில் முதல் ஆட்டத்தில் 13 முறை எறிந்து இரண்டை மட்டுமே உள்ளே போட்டார், இரண்டாவது ஆட்டத்தில் 27 புள்ளிகள், அத்தோடு போதும் என்று அணி அவரை உட்கார வைத்துவிட்டது. அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது, இன்றும் அப்படியே.

முதல் பருவத்தில் அணி படுமோசம். தொடர்ந்து 18 தோல்விகள், கடைசியில் 82 ஆட்டங்களில் 22 வெற்றிதான். இவர் மட்டும் 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்ட், 3.6 பிளாக். ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதுக்கு வாக்குகள் அத்தனையும் இவருக்கே விழுந்தன. பருவத்தின் சிறந்த தற்காப்பு வீரர்கள் ஐவரைக் கொண்ட 'அனைத்து என்பிஏ தற்காப்பு முதல் அணி' பட்டியலில் இடம்பிடித்த முதல் புதுமுகமும் இவர்தான்.

2024 பிப்ரவரி 12 அன்று டொராண்டோவில் 27 புள்ளி, 14 ரீபவுண்ட், 10 பிளாக் எடுத்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது அந்தப் பத்து பிளாக்குகளோடு நிற்காதீர்கள். எதிரணி வீரர் பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கி வேகமாக உள்ளே வருவார். தலை நிமிரும். இவர் நிற்பது தெரியும். உடனே தோள் திரும்பும், பந்தோடு வந்த வழியே வெளியே போய்விடுவார். எறியாத பந்துக்குப் புள்ளிவிவரத்தில் இடமில்லை. ஓர் ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள், அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு இவரையே பார்ப்பீர்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியையும் சொல்லாமல் விட முடியாது. சொந்த மண்ணில் அமெரிக்காவிடம் 98-87 என்று தோற்றார்கள். இவர் எடுத்தது 26 புள்ளிகள், ஆட்டம் முடிந்ததும் கண்ணீரை மறைக்கவில்லை. வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஒருவர் அப்படி அழுததைப் பார்த்த பிறகு, இவர் எதற்காக ஆடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இப்போது கடினமான பகுதி. 2025 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் தன் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை, அதாவது லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆட்டத்தை, ஆடினார். சில நாட்களில், 20ஆம் தேதி, ஸ்பர்ஸ் அறிவித்தது: வலது தோளில் ஆழ்சிரை ரத்த உறைவு, பருவம் முடிந்தது. ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து நிற்பது அது. அங்கிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து எடுக்கும்போது முட்டி மோதும் விளையாட்டில் இறங்கக் கூடாது, ஒரு முழங்கை இடித்தாலும் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். என்பிஏ நட்சத்திரம் கிறிஸ் போஷின் ஆட்ட வாழ்க்கை ரத்த உறைவால்தான் முடிந்தது. வலது கையில் அதே சிக்கல் வந்த பிராண்டன் இங்க்ராம் ஓர் ஆண்டுக்குள் ஆல்-ஸ்டாராகவே திரும்பினார். அந்தச் சில மாதங்கள் நான் இந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மிக உயரமானவர்களின் வரலாறு வேறு பயமுறுத்துகிறது. யாவ் மிங் பாத எலும்பு முறிவுகளால் 30 வயதில் ஓய்வு பெற்றார். பில் வால்டனுக்கும் பாதம்தான். ரால்ஃப் சாம்ப்சனுக்கு முழங்கால். 2007இன் முதல் தேர்வான கிரெக் ஓடன் என்பிஏவில் மொத்தம் ஆடியது 105 ஆட்டங்கள். இவர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். உடல்தான் கைவிட்டது. அதனால்தான் வெம்பன்யாமா பாதத்துக்கும் கால்விரல்களுக்கும் தனியாகப் பயிற்சி செய்யும் காட்சிகளைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆடாத அந்தக் காலத்தை அவர் செலவழித்த விதத்தைப் பாருங்கள். ஜூன் மாதம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள ஷாவ்லின் கோயிலுக்குப் போய், தலையை மழித்துக்கொண்டு, துறவிகளோடு தங்கிக் குங்ஃபூ பயின்றார். பிறகு முன்னாள் என்பிஏ ஜாம்பவான் ஹக்கீம் ஒலாஜுவானிடம் பாடம் கேட்டார். உடல்நலம் தேறியதாக ஜூலையில் அனுமதி கிடைத்தது. இந்த மனிதருக்கு ஆர்வங்கள் ஒன்றிரண்டு அல்ல. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் இருந்தபோது, வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் மூலையில் இருக்கிறேன், சதுரங்கம் ஆட யார் வருகிறீர்கள் என்று இணையத்தில் எழுதிவிட்டு, மழையில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களோடு ஆடினார். இரண்டில் வென்றார், இரண்டில் தோற்றார்.

2025 அக்டோபர் 22. டாலஸில் பருவத்தின் முதல் ஆட்டம், எதிரே அந்த ஆண்டின் டிராஃப்டில் முதல் தேர்வான புதுமுகம் கூப்பர் ஃபிளாக். எல்லோரும் ஃபிளாக்கைப் பார்க்க வந்தார்கள். வெம்பன்யாமா 40 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார். 21 முறை எறிந்ததில் 15 உள்ளே. ஸ்பர்ஸ் 125-92 என்று வென்றது. தொடர்ந்து ஐந்து வெற்றிகள்; கழகத்தின் வரலாற்றிலேயே ஒரு பருவம் அப்படித் தொடங்கியதில்லை. நவம்பரில் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டது, 12 ஆட்டங்கள் போயின. டிசம்பர் 13, லாஸ் வேகாஸ், பருவத்தின் நடுவே நடக்கும் என்பிஏ கோப்பையின் அரையிறுதி. அதுவரை 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் தோற்றிருந்த ஓக்லஹோமா சிட்டி எதிரே. மாற்று வீரராக இறங்கி, 21 நிமிடங்களில் 22 புள்ளிகள் எடுத்தார். ஸ்பர்ஸ் 111-109 என்று வென்றது. இறுதியில் நியூயார்க்கிடம் தோற்றது வேறு விஷயம். எனக்கு முக்கியம் அந்த 21 நிமிடங்கள். 35 நிமிடம் ஆட விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை.

இப்போது இந்தக் காணொளியை எடுக்க வைத்த சிக்கலுக்கு வருகிறேன். என்பிஏவில் 65 ஆட்ட விதி என்று ஒன்று 2023-24 பருவத்தில் வந்தது. மிகச் சிறந்த வீரர், சிறந்த தற்காப்பு வீரர் போன்ற பெரிய விருதுகளுக்கு 82இல் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 3.8 பிளாக் எடுத்தும், 46 ஆட்டங்களே ஆடியதால் போட்டியிலேயே இல்லை. தற்காப்பு விருது கிளீவ்லாந்து அணியின் ஈவன் மோப்லிக்குப் போனது. 2025-26 பருவத்தில் டிசம்பர் நடுவிலேயே 12 போய்விட்டன. விருது வேண்டுமானால் அதற்கு மேல் விட முடிந்தது ஐந்துதான். 2026 கோடையில் அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம் என்ற நிலை. இந்த விருதுகளில் ஒன்றை வென்றால், அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் வரை கேட்க முடியும். அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னாலும் கோடிக்கணக்கான டாலர் நிற்கிறது.

விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. டிக்கெட் வாங்கி வருபவர்களுக்கு நட்சத்திரங்கள் ஆட வேண்டும், நியாயம்தான். ஆனால் ரத்த உறைவிலிருந்து மீண்டு வந்த, கெண்டைக்கால் ஒரு முறை இழுத்துக்கொண்ட, 224 சென்டிமீட்டர் உடலையும் மற்ற எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. பருவத்தின் கடைசி மாதங்களில் அந்தக் கால் லேசாக வலித்தால், விட முடிகிற ஆட்டங்கள் அதற்குள் தீர்ந்திருந்தால், அதற்கு மேல் ஓர் ஆட்டத்தையும் அவர் விட வேண்டும். விருது யார் வீட்டுக்குப் போனாலும் போகட்டும். எனக்கு இவர் 35 வயதிலும் ஆடிப் பார்க்க வேண்டும்.

விதி சரிதான் என்று நினைப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள், வரி விடாமல் படிக்கிறேன். வலுவான வாதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த காணொளியில் பதில் சொல்கிறேன். வணக்கம்!