நாய் குரைக்குது, வேலி நகருது

வணக்கம் நேயர்களே. கதைக்கக் கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. நான் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஒரு ரீச்சர், இப்ப திருகோணமலையில மத்தியஸ்த சபையில இருக்கிறன், பிணக்குப்பட்ட ரெண்டு பகுதியையும் இருத்திக் கதைச்சு இணக்கப்படுத்துற சபை, சனம் இணக்கசபை எண்டு சொல்லுறது அதைத்தான். இண்டைக்கு நாயப் பத்தியும் வேலியப் பத்தியும் கதைக்கப்போறன். ரெண்டும் வேற வேற விசயம்தான், ஆனா எங்களுக்கு முன்னால வரேக்க ரெண்டும் சேந்துதான் வரும். முறைப்பாட்டுக் கடிதத்தில பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைக்குது எண்டு இருக்கும், ஆக்கள இருத்திக் கொஞ்ச நேரம் கதைக்க விட்டா, "போன மாரிக்குப் பிறகு வேலிக் கதியால எங்கட பக்கம் தள்ளிப் போட்டவங்க" எண்டு மெல்ல வெளிய வரும். மற்றப் பக்கமும் அப்பிடித்தான், வேலிக்கெண்டு வந்தவர் கடைசியில நாயில வந்து நிப்பார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாயின்ட கரைச்சல நாயோட முடியுங்கோ, வேலியின்ட கரைச்சல வேலியோட முடியுங்கோ, ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதீங்கோ. நாய்ப் பிரச்சினை ரெண்டு பேருக்கும் மனமிருந்தா ஒரு ரெண்டு கிழமையில தீரும். வேலி அப்பிடியில்ல, காணி உறுதிப் பத்திரம் பாக்க வேணும், பிளான் பாக்க வேணும், காணி அளக்கிற சேவையர் வரவேணும், மாசக்கணக்கில இழுபடும். வேலி முடியட்டும் பிறகு நாயப் பாப்பம் எண்டு பிடிவாதமா இருந்தா அவ்வளவு காலமும் அந்த வீட்டுப் பிள்ளை நித்திரை இல்லாம ஓ.எல். சோதினைக்குப் படிக்க வேணும், பிரசர்க்கார அம்மா விடிய விடிய முழிச்சிருக்க வேணும். அது எவ்வளவு பாவம்.

ஒரு கதை சொல்லுறன். சபையில கதைச்சத வெளிய சொல்லக்கூடாது, அதால ஆள் இடம் அடையாளம் எல்லாம் மாத்தித்தான் சொல்லுறன். பக்கத்துப் பக்கத்து வளவு ரெண்டு, ஒரு வீட்டில மூண்டு நாய், மற்ற வீட்டில மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து கைக்குழந்தையோட இருக்கிறா. குழந்தை கண்ணயர நாய் குரைக்கும், குழந்தை வீரிட்டு அழும். ரெண்டு தரம் வேலியால எட்டிப் பேச்சு, பிறகு பொலிஸில என்ட்ரி, பொலிஸ் எங்களிட்ட அனுப்பிட்டுது. நாங்க ரெண்டு பகுதியும் சம்மதிச்ச பிறகு நேர போய்ப் பாத்தம். குரைக்கிற நாய முருங்க மரத்தடியில கட்டியிருக்கு, சங்கிலி ஒரு ஆறடி வரும், அந்த ஆறடிக்கும் மண் வட்டமாத் தேஞ்சு ஒரு புல்லுப் பூண்டு இல்ல, தண்ணிச்சட்டி கவுண்டு கிடக்கு. அதுக்கு நேர முன்னுக்கு வேலி, கீழ்ப்பக்கம் கிடுகு உக்கிக் கொட்டுண்டு வெறும் முட்கம்பி, அதுக்கு அங்கால மற்ற வீட்டுக் கிணத்தடி. யோசிச்சுப் பாருங்கோ, பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கிற சீவன், கண்ணுக்கு முன்னால ஆக்கள் வாறாங்க போறாங்க, வாளி விழுது, உடுப்புத் துவைக்கிற சத்தம், அது குரைக்காம என்ன செய்யும்? அதுக்குக் குரைக்கிறது மட்டும்தான் ஏலும்.

ராத்திரியில ஏன் குரைக்குது எண்டு ரெண்டு வீட்டுக்கும் தெரியேல்ல. சும்மா குரைக்குது எண்டாங்க. நாய் சும்மா குரைக்கிறேல்ல எண்டு சொல்லி, ரெண்டு வீட்டையும் ஒரு கிழமைக்கு நேரத்தக் கொப்பியில எழுதச் சொன்னம். எழுதிக்கொண்டு வந்தத வச்சுப் பாத்தா ராத்திரி பத்து பதினொண்டு மட்டில ஒருக்கா, விடியப்பறம் மூண்டரைக்கு ஒருக்கா, இடையில பெரிசா ஒண்டுமில்ல. பத்துமணிக்கு மான். எங்கட ஊர்ல மான் கோட்டைக்குள்ள மட்டுமில்ல, ரோட்டிலயும் ஒழுங்கையிலயும் திரியும், உங்களுக்குத் தெரியும்தானே, அதுகள் படலைக்கு வெளிய கொட்டின மரக்கறிக் கழிவத் தின்ன வருது. மூண்டரைக்குக் கடலுக்குப் போற ஆக்கள் சைக்கிள்ல போறாங்க. ஆக, முழு ராத்திரியும் குரைக்குது எண்டு எழுதின கடிதமும் பொய்யில்ல, நித்திரை ரெண்டு இடத்தில முறிஞ்சா ஆளுக்கு முழு ராத்திரியும் போன மாதிரித்தான், ஆனா திருத்த வேண்டியது அந்த ரெண்டு நேரத்தைத்தான் எண்டு அப்பதான் விளங்கிச்சு. கழிவக் கொட்டுறத நிப்பாட்டினாங்க. கட்டுற இடத்த ரோட்டுப் பக்கத்து முருங்க மரத்தடியில இருந்து குசினிக்குப் பின்னுக்கு மாத்தி, ராத்திரியில விறாந்தைக்குள்ள விட்டு, பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் பெடியன் நடத்திக்கொண்டு போகவேணும் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சாங்க.

மிச்சம் ஒண்டுதான், வேலியின்ட கீழ்ப்பக்கம் ஒரு மூண்டடிக்குத் தகரம் அடிச்சு நாயின்ட கண்ண மறைக்கிறது. சின்ன வேலை, ஆனா அங்கதான் இடிச்சுது. நாய்க்காரர் சொல்லுறார், "ரீச்சர், நான் இதில தகரம் அடிச்சா இந்தக் கோட்ட எல்லையெண்டு ஒத்துக்கொண்டதாப் போயிடும், இது எல்லையில்ல". மற்றவரும் அதையேதான் சொல்லுறார், மறுபக்கமா. அந்தப் பயம் சும்மா பயமில்ல. இலங்கையில 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, தனியார் காணிய ஒருத்தர் பத்து வருசம் தொடர்ந்து, உரிமைக்காரருக்கு எதிரா, தன்ர எண்டு ஆண்டுகொண்டு வந்தா அவர் நீதிமன்றத்தில உரிமை கேக்கலாம். வேலியத் தள்ளிப் போட்டதப் பாத்தும் வாய்திறக்காம வருசக்கணக்கில இருந்தவங்க இதிலதான் மாட்டுப்படுறது. அதுக்கு நாங்க செய்தது, "இந்தத் தகரம் நாய்க்காக அடிக்கிறது, எல்லை சேவையர் அளந்து முடிவாகும் வரைக்கும் ரெண்டு பகுதியின்ட காணி உரிமையும் இதால கூடவும் இல்ல குறையவும் இல்ல" எண்டு ஒரு வசனம். அவ்வளவுதான். எழுதி வச்ச உடன ரெண்டு பேரும் இறங்கி வந்திட்டாங்க, தகரத்துக்குக் காசு பாதிப்பாதி. இந்த வசனத்த நீங்களும் பாவிக்கலாம், சபைக்கு வந்துதான் எழுதவேணும் எண்டில்ல, ரெண்டு சாட்சியோட திகதி போட்டு ஒரு தாள்ல எழுதி ஆளுக்கொரு கொப்பி வச்சிருங்கோ.

வேலி ஏன் நகருது எண்டும் சொல்லவேணும். எல்லாரும் களவுக்குத் தள்ளுறேல்ல. பூவரசோ கிளுவையோ சீமைக்கிளுவையோ நட்ட கதியால் தடிச்சுப் பக்கவாட்டில வளரும், பட்டுப்போனா பழைய அடிக்கட்டையக் கிளப்புற கஷ்டத்துக்கு ஆக்கள் பக்கத்தில புதுசா ஊண்டுவாங்க, அது எந்தப் பக்கம் எண்டதிலதான் எல்லாம் இருக்கு. மாரியில வெள்ளம் ஓடி மணல் அரிச்சுக் கொண்டு போகும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் 2004 சுனாமியோட வேலியும் போச்சு கல்லும் போச்சு, கிணத்தையும் மரத்தையும் வச்சுத்தான் எல்லை பிடிச்சாங்க. சண்டையால இடம்பெயர்ந்து வருசக்கணக்கில முகாமில இருந்து திரும்பி வந்து பாத்தா வளவு காடு, அதுக்குள்ள ஆற்ற கதியால் எது எண்டு ஆருக்குத் தெரியும். அப்பிடி வந்த ஆக்களுக்காக 2016இல 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தவங்க, 1983 மே மாதத்தில இருந்து 2009 மே வரை ஆயுதக்குழுக்களின்ட நடவடிக்கையால தன்ர காணியப் போய்ப் பாக்கவோ வழக்குப் போடவோ ஏலாமப்போன ஆளுக்கு எதிரா அந்தக் காலத்தப் பத்து வருசக் கணக்கில சேக்கேலாது எண்டு. அது ஒரு குறிச்ச காலத்துக்குக் குடுத்த சலுகை, ஆனபடியா உங்கட கதை அதுக்குள்ள வருமோ எண்டு ஒரு லோயரிட்டக் கேளுங்கோ, காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவிட்டக் கேளுங்கோ.

கணக்கையும் ஒருக்காப் பாருங்கோ. அறுபதடி நீள வேலி அரையடி தள்ளிப் போச்சு எண்டு வைப்பம், முப்பது சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அதாவது போனது ஒரு பேர்ச்சில ஒன்பதில ஒரு பங்கு. அதுக்காக விட்டுக்குடுங்கோ எண்டு நான் சொல்லேல்ல, கையளவு காணியும் உங்கட காணிதான், ஆனா அதுக்கு மண்டைய உடைக்கிற அளவுக்குப் போறதுக்கு முதல் இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்கோ. ராத்திரியோட ராத்திரியாக் கதியாலப் பிடுங்கி எறியிற வேலை வேண்டவே வேண்டாம். 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்கச் சட்டத்தில 66ஆம் பிரிவு எண்டு இருக்கு, காணியால கலகம் வரும்போல இருந்தா பொலிஸ் அதை ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், அங்க உறுதி ஆற்ற பேர்ல எண்டு பாக்கமாட்டாங்க, இருப்பு ஆற்ற கையில எண்டுதான் பாப்பாங்க, வழக்கு வாறதுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குள்ள பலாத்காரமா வெளியேத்தியிருந்தா அந்த ஆளத் திரும்ப இருத்தச் சொல்லுவாங்க. உண்மையில உங்கட காணியா இருந்தாலும் வேலியப் பிடுங்கின நீங்கதான் குற்றவாளி மாதிரி நிக்க வேண்டிவரும். பர்மிட் காணியெண்டா கதையே வேற, அது அரச காணி, பத்து வருசக் கதை அங்க சரிவராது, எல்லைக்கு டி.எஸ். ஒஃபிஸ், அதான் பிரதேச செயலகம், அங்க காணிப்பகுதிக்குப் போங்கோ. உறுதிக் காணியெண்டா லைசென்ஸ் உள்ள சேவையரப் பிடியுங்கோ, ரெண்டு பகுதியும் சேந்து பிடிச்சுக் காசையும் பங்கு போட்டா பிறகு "அவர் உன்ர ஆள்" எண்ட கதை வராது. கல்லுப் போடேக்க ரெண்டு வீட்டாக்களும் நிண்டு பாருங்கோ, போன்ல படம் எடுத்து வையுங்கோ.

திரும்ப நாய்க்கு வாறன். ராத்திரி 10 மணியில இருந்து காலம 6 மணிக்குள்ள லவுட்ஸ்பீக்கர் போடக்கூடாதெண்டு 2007இல சுப்ரீம் கோட் சொன்னதுதானே, அது நாய்க்கும் பொருந்துமோ எண்டு ஒரு ஐயா கேட்டவர். இல்ல, அது லவுட்ஸ்பீக்கருக்குத்தான். ஆனா நாய் வளக்கிற ஆளுக்குப் பொறுப்பு இல்லையெண்டு நினைக்காதீங்கோ. நாயப் பதிய வேணும் எண்ட சட்டம் 1901இல இருந்து இருக்கு, உங்கட உள்ளூர் சபையில பதியலாம். விசர்நாய் ஊசி வருசா வருசம் போட்டு அந்தத் துண்டப் பத்திரமா வச்சிருங்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கடிச்சா முதல்ல கேக்கிறது அதைத்தான். நாய் கடிக்க வருது, ஊசி போடேல்ல எண்டா பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதான் பி.எச்.ஐ., அவருக்குச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, இதச் சொல்லேக்க எனக்கு நெஞ்சு பதறும். குரைக்குது எண்டு இறைச்சிக்குள்ள நஞ்சு வச்சு வேலியால எறியிறவங்க இருக்கிறாங்க. தயவுசெய்து அதச் செய்யாதீங்கோ. மிருகவதைச் சட்டம் 1907இல இருந்து இருக்கு, அது குற்றம், அதுக்கும் மேல அது மகா பாவம், வாயில்லாச் சீவன் நுரை தள்ளிச் சாகிறத அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும். அதே இறைச்சியத் தவண்டு திரியிற குழந்தையும் எடுக்கலாம். அப்பிடி ஒண்டு நடந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில நாங்க மூண்டு பேர் இல்ல, முப்பது பேர் இருந்து கதைச்சாலும் சரிவராது.

முதல்ல போய்க் கதையுங்கோ. வேலியால எட்டிக் கதைக்காதீங்கோ, ரோட்டால சுத்திப் போய்ப் படலையத் திறந்து போங்கோ. ராத்திரி கோவத்தோட வேண்டாம், அடுத்த நாள் பின்னேரம் போங்கோ. "உங்கட நாயால நிம்மதியில்ல" எண்டு தொடங்கினா அவங்களும் உங்கட சேவல், உங்கட ரேடியோ, உங்கட மாவிலை எங்கட முத்தத்தில எண்டு தொடங்குவாங்க. "அக்கா, ராத்திரி மூண்டரைக்கு நாய் குரைக்கேக்க பிள்ளை எழும்பிடுது, திரும்ப நித்திரையாக்க ஏலாமக் கிடக்கு, என்ன செய்வம்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. நேரத்தச் சொல்லுங்கோ, உங்களுக்கு நடக்கிறதச் சொல்லுங்கோ, என்ன செய்யலாம் எண்டு அவங்களக் கேளுங்கோ. அந்தப் பேச்சில வேலியத் தொடாதீங்கோ, அவங்க தொட்டாலும் "அது வேற நாளைக்குக் கதைப்பம் அக்கா" எண்டு எழும்பி வாங்கோ. கன இடத்தில இந்த ஒரு பேச்சோட முடிஞ்சிருக்கு, ஏனெண்டா நாய் வளக்கிற ஆக்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய் நித்திரை கொள்ளுவாங்க, அடுத்த வீட்டில என்ன பாடு எண்டு அவங்களுக்கு உண்மையிலயே தெரியிறேல்ல.

அதுக்கும் சரிவராட்டி எங்களிட்ட வாங்கோ. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது இந்தச் சபை. லோயர் முன்னிலையாக ஏலாது, நீங்களே கதைக்க வேணும், உங்கட தமிழிலேயே கதைக்கலாம். மூண்டு பேர் இருந்து கேப்பம், தீர்ப்புச் சொல்லமாட்டம், ஆருக்கும் தண்டம் போடமாட்டம். அங்க சொன்னதக் கோட்டில உங்களுக்கு எதிராச் சாட்சியாக் கொண்டுவர ஏலாது, அதால மனம்விட்டுக் கதைக்கலாம். இணக்கம் வந்தா அதுக்கொரு சான்றிதழ், வராட்டி வரேல்ல எண்டு ஒரு சான்றிதழ், அதோட கோட்டுக்குப் போகலாம். வரேக்க நேரம் எழுதின கொப்பி, போன்ல எடுத்த சத்தம், உறுதியின்ட போட்டோகொப்பி, பிளான் இருந்தா பிளான், பர்மிட் எண்டா பர்மிட், இவ்வளவும் கொண்டு வாங்கோ. நாய்க்கு ஒரு கடிதம், வேலிக்கு ஒரு கடிதம், ரெண்டாத் தனித்தனிய எழுதிக்கொண்டு வாங்கோ. வணக்கம்.