தட்டின் அடியில் இரண்டு எழுத்து

(ஒரு சபையின் ஞாயிறு மாலைக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, வாலிபத் தம்பி தங்கைகளே,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெய்ன்ஸ் என்றொரு சிற்றூர். வேர்க்கடலை விளையும் செம்மண் பூமி. ஊர் மொத்தமும் ஐந்நூறு, அறுநூறு பேர்தான். அங்கே மரனாதா பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அங்கே கைமாறிப் போகும் காணிக்கைத் தட்டுகள் மரத்தில் கடைந்தவை. தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 'ஜே.சி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். கடைந்தவர் ஜிம்மி கார்ட்டர், அமெரிக்காவின் 39-வது ஜனாதிபதி. பதவியை விட்டு ஊர் திரும்பிய பிறகு சபை வளாகத்தில் புல் வெட்டியவரும் அவர்தான். அவர் மனைவி ரோசலின் சபையின் கழிப்பறைகளைக் கழுவினார்.

2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயது நிறைந்த நிலையில், அதே ஊரில் அவர் கண்மூடினார்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'அரசியல் தலைவரும் விசுவாசமும்'. தேர்தல் நெருங்கினால் நம் ஆலயங்களுக்கும் தலைவர்கள் வருகிறார்கள். முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், தலையில் கை வைத்து ஜெபிக்கிறோம். ஒரு தலைவருடைய விசுவாசத்தை அந்த முன்வரிசையில் அளக்க முடியாது என்பது என் துணிபு. அவருக்கு நஷ்டம் வருகிற இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கார்ட்டரை எடுத்துக்கொண்டேன்.

1953-ல் தகப்பனார் இறந்ததும் கடற்படை வேலையை விட்டுவிட்டு அவர் ஊருக்கு வந்தார். வேர்க்கடலைக் கிடங்கு நடத்தினார், சபை நிர்வாகத்தில் பங்குள்ள டீக்கன் ஆனார். கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்பதற்காகவே வெள்ளையர்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருந்த காலம் அது. சந்தா ஐந்து டாலர். சேரும்படி கார்ட்டரையும் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்தார். சில காலம் அவர் கிடங்குக்கு வரவேண்டிய வியாபாரம் குறைந்தது.

பிறகு 1965. அன்று அவருடைய சபை ப்ளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபை. ஆராதனைக்குக் கறுப்பர்கள் வந்தால் உள்ளே விடக் கூடாது என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. கார்ட்டர் எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஐந்து பேர் அவர் குடும்பத்தார். வெளியாள் ஒரே ஒருவர். ஐம்பது பேருக்கு மேல் ஆதரித்தார்கள். இன்னும் பலர் எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வாலிபனாக இருந்தபோது ஒரு சபைக் கூட்டத்தில் இருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரை இடிப்பதா வேண்டாமா என்று கேள்வி. சுவருக்கு எந்தப் பக்கம் எந்தச் சாதி என்று இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இடிக்க வேண்டும் என்று எழுந்தவர் வயதான வாத்தியார் ஒருவர் மட்டும். நான் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். கை மடியிலேயே கிடந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கப் போனோம். வாத்தியார் தனியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே அந்த ஆறு பேர் எனக்கு வெறும் எண்ணிக்கை அல்ல.

கார்ட்டரைப் பரிசுத்தவானாக நிறுத்த நான் வரவில்லை. 1966-ல் ஆளுநர் தேர்தலில் தோற்றார். கறுப்பர்களைத் தன் உணவகத்தில் நுழையவிடாமல் கோடரிக் காம்பைக் காட்டிப் பேர் வாங்கிய லெஸ்டர் மேடாக்ஸ் என்பவர் ஆளுநர் ஆனார். கார்ட்டர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். ஊழியம் செய்துகொண்டிருந்த அவருடைய தங்கை ரூத் அவரோடு காட்டு வழியே நடந்து பேசினார். அதுவரை தாம் பெயருக்கு மட்டுமே விசுவாசியாக இருந்ததாகக் கார்ட்டர் அப்போது உணர்ந்தார். வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்களிடையே எலோய் க்ரூஸ் என்ற கியூபப் போதகரோடு நடந்தார். படிக்காத ஜனங்கள் அந்தப் போதகரிடம் கண்ணீரோடு மனம் திறப்பதைப் பார்த்து, உங்களால் மட்டும் இது எப்படி முடிகிறது என்று கேட்டார். க்ரூஸ் சொன்ன பதிலைக் கார்ட்டர் கடைசிவரை திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: இரண்டு அன்பு போதும், ஒன்று கடவுள்மேல், இன்னொன்று இந்த நேரத்தில் உன் முன்னால் நிற்கிற ஆள்மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் 1970 ஆளுநர் தேர்தலில் வெள்ளை இனவாதிகளின் வாக்கைக் குறிவைத்தே பிரசாரம் செய்தார், ஜெயித்தார். ஆதரவாளர்களே முகம் சுளித்தார்கள். 1971 ஜனவரியில் பதவியேற்ற மேடையில், இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தை மாநிலத் தலைமைச் செயலகச் சுவரில் மாட்டினார். பிரசாரத்தில் செய்தது தவறு. மேடையில் சொன்னதும் படம் மாட்டியதும் அதை அழித்துவிடாது. இரண்டையும் சேர்த்தேதான் அந்த மனிதரை வாசிக்க வேண்டும்.

1976-ல் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது, நான் மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வார்த்தையே புதிது. ஒரு பேட்டியில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துச் சொல்லி, இச்சையோடு பார்க்கிறவன் இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்றால் நானும் பலமுறை செய்தவன்தான் என்று ஒப்புக்கொண்டார். நாடே சிரித்தது. அவர் அங்கே சொல்ல வந்தது, அதனால் மற்றவரை நியாயந்தீர்க்க எனக்கு உரிமை இல்லை என்பது. அந்தப் பாதியை அநேகர் கேட்கவில்லை.

1977 ஜனவரி 20 அன்று பதவியேற்றபோது மீகா தீர்க்கதரிசியின் வசனத்தை வாசித்தார். "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்."

வெள்ளை மாளிகைக்குள் ஆராதனை நடத்தும் வழக்கத்தை முன்பு ஜனாதிபதியாக இருந்த நிக்சன் வைத்திருந்தார். கார்ட்டர் அதைத் தொடரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டன் முதல் பாப்டிஸ்ட் சபைக்குப் போனார், அவ்வப்போது அங்கே ஓய்வுநாள் பள்ளி வகுப்பும் எடுத்தார். அரசு வேறு, சபை வேறு என்பது பழைய பாப்டிஸ்ட்களின் கொள்கை. ராஜாக்களிடம் அடிபட்டுக் கற்ற பாடம் அது. கருக்கலைப்பு தன் மனசாட்சிக்கு விரோதம் என்றார். ஆனாலும் அதை அனுமதித்து உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன் என்று அதன்படி நின்றார்.

ஒரு இடத்தில் எனக்கே தயக்கம் உண்டு. 1979 ஜனவரியில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் வாஷிங்டனுக்கு வந்தார். கார்ட்டர் அவரிடம் மூன்று காரியம் கேட்டார்: வழிபாட்டுச் சுதந்திரம், வேதாகமம் வைத்துக்கொள்ள அனுமதி, மிஷனரிகளுக்கு அனுமதி. முதல் இரண்டுக்கும் டெங் இசைந்தார், மூன்றாவதற்கு முடியாது என்றார். முதல் இரண்டும் எந்த மனிதனுக்கும் உரியவை. மூன்றாவதைக் கேட்டவர் ஜனாதிபதியா, டீக்கனா? என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

கேம்ப் டேவிட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1978 செப்டம்பர். போரிட்டுவந்த இரு நாடுகளின் தலைவர்கள், எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின், இருவரையும் மலைமேல் இருக்கும் ஓய்வு மாளிகைக்கு அழைத்து பதின்மூன்று நாள் வைத்திருந்தார். ஒருவர் முஸ்லிம், ஒருவர் யூதர், அழைத்தவர் கிறிஸ்தவர். பேச்சு தொடங்கியதும் மூவருமாக, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் விட்டார்கள். சில நாளிலேயே சதாத்தும் பெகினும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலை. கார்ட்டர் குடிலுக்குக் குடில் காகிதத்தோடு நடந்தார்.

கடைசி நாள் காலை. எருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் பெகின் கோபித்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். பேரப்பிள்ளைகளுக்காக மூன்று தலைவர்களும் இருக்கும் புகைப்படங்களில் கையெழுத்து வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் அந்த எட்டுப் பிள்ளைகளின் பெயரையும் விசாரித்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டர் தாமே பெகினின் குடிலுக்குக் கொண்டுபோனார். பெகின் முகம் கொடுக்காமல் வாங்கிக்கொண்டார். மேலிருந்த படத்தில் பேத்தியின் பெயரைப் பார்த்தார். வாய்விட்டு வாசித்தார். அடுத்த படம், அடுத்த பெயர். உதடு நடுங்கியது, கண் நிறைந்தது. இருவரும் பிள்ளைகளைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அன்றிரவு ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.

பாலஸ்தீனர்களுக்கு அது நியாயம் செய்யவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் எகிப்தும் இஸ்ரேலும் அதற்குப் பிறகு யுத்தம் செய்யவில்லை. அந்தப் படங்களைச் சிலர் சாமர்த்தியம் என்பார்கள். எனக்கோ ஸ்பிரிங்ஃபீல்டின் ஏழைத் தெருவும் கியூபப் போதகரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்தக் காலையில் கார்ட்டரின் முன்னால் நின்ற ஆள், எட்டுப் பேருக்குத் தாத்தா.

ஈரானில் அவர் பெரிதாகச் சறுக்கினார். மனித உரிமையை வெளியுறவுக் கொள்கையாக்கியவர், 1977-ன் கடைசி இரவில் தெஹ்ரான் விருந்தில் ஈரான் மன்னர் ஷாவைப் புகழ்ந்தார். இரண்டே ஆண்டில் அங்கே அமெரிக்கத் தூதரகத்தார் பிணைக்கைதிகள் ஆனார்கள். மீட்க அனுப்பிய படை பாலைவனத்தில் விபத்துக்குள்ளாகி எட்டு வீரர்கள் மாண்டார்கள். குண்டு போட்டு அழியுங்கள் என்ற சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. அவர் போடவில்லை. 52 பேர் 444 நாள் கழித்து உயிரோடு விடுதலையானார்கள், அடுத்த ஜனாதிபதி ரேகன் பதவியேற்ற சில நிமிடங்களில். 1980 தேர்தலில் கார்ட்டருக்குக் கிடைத்தவை ஆறு மாநிலங்கள். அவருடைய சொந்த விசுவாசக் கூட்டத்தாரில் பெரும்பகுதி அவரைக் கைவிட்டிருந்தது. அவர் தங்களுக்காக ஆட்சியைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது அவர்கள் குறை.

ஊர் திரும்பியவர் பழைய சபைக்குப் போகவில்லை. 1965-ல் போட்ட அந்தத் தடையை எடுப்பது பற்றிய சண்டையில் சபை இரண்டாக உடைந்திருந்தது. பிரிந்து வந்தவர்கள் 1977-ல் தொடங்கியதுதான் மரனாதா. அந்தக் காணிக்கைத் தட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. பெண்கள் போதகராகக் கூடாது, மனைவி புருஷனுக்கு அடங்க வேண்டும் என்று தென்பாப்டிஸ்ட் மாநாடு வலியுறுத்தியபோது, 2000-ல், ஆயுள் முழுக்க இருந்த அந்த அமைப்பையும் விட்டு விலகினார்.

மரனாதாவில் அவருடைய ஓய்வுநாள் பள்ளிக்கு விடியுமுன்பே வரிசை நிற்கும். 2015 ஆகஸ்டில், மூளைக்குப் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று தாமே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த ஞாயிறும் வகுப்புக்கு வந்தார்.

அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பில், இனி என்ன செய்து முடிக்க ஆசை என்று கேட்டார்கள். கடைசி நரம்புச் சிலந்திப் புழு எனக்கு முன்னால் சாக வேண்டும் என்றார். நம் பெரியவர்களுக்குத் தெரிந்த நோய்தான் அது. குட்டைத் தண்ணீரில் உடம்புக்குள் போய், ஓராண்டு வளர்ந்து, மூன்றடி நீளத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. குச்சியில் நாள்கணக்கில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். 1988-ல் கானா நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கையில் குழந்தையை ஏந்தி நிற்பதாக நினைத்துக் கார்ட்டர் அருகே போனார். அவள் ஏந்தியிருந்தது வீங்கிப்போன தன் மார்பை. அதன் நுனியில் புழு வெளியே வந்துகொண்டிருந்தது.

அவருடைய தொண்டு நிறுவனமான கார்ட்டர் மையம் இந்த வேலையை எடுத்த 1986-ல் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர் இறந்த ஆண்டில் உலகம் முழுவதும் இருபது பேருக்கும் குறைவு. புழு அவருக்கு முன்னால் சாகவில்லை. சாடிலும் தெற்கு சூடானிலும் கிராமத்து ஊழியர்கள் இன்றும் குடிசை குடிசையாகப் போய், தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள் என்று துணியைக் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.