வான்கோழிக்கு ஒரு இரவுக் காவல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும் பண்டிகைக்குத் தேங்க்ஸ்கிவிங் என்று பெயர். நன்றி சொல்லும் நாள். ஆனால் ஒஹையோ மாநிலத்தில் என் சம்பந்தி வீட்டில் அன்று என் காதில் அதிகம் விழுந்தது நன்றி அல்ல, "ஓவன் எப்போது காலியாகும்?" என்ற கேள்விதான்.

வீட்டில் 31 பேர், ஓவன் ஒன்று. சம்பந்தியம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஒரு மருமகளின் தாயார், அப்புறம் நாங்கள் இரண்டு பேர். சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது. என்னை ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்ய மாப்பிள்ளை ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது, பாவம்.

வான்கோழி விஷயத்துக்கு வருகிறேன். பத்துக் கிலோ பறவை, கடையிலிருந்து வரும்போது உறைந்து பாறையாக இருக்கும். அதை ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாக இளகவிட வேண்டும், ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் கணக்கு. அப்படியென்றால் சனிக்கிழமையே எடுத்து வைத்திருக்க வேண்டும். இவர்கள் எடுத்தது திங்கட்கிழமை. புதன் இரவு பார்த்தால் வயிற்றுக்குள் இன்னும் பனிக்கட்டி.

அதற்கும் ஒரு வழி உண்டு. உறை பிரிக்காமல் குளிர்ந்த நீரில் மூழ்கடித்து, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் உள்ளே இளகுவதற்குள் வெளியே கெட்டுப்போகும். யார் விழித்திருப்பது? எனக்குத்தான் நேர மாற்றத்தில் தூக்கம் வரவில்லையே! பிறவியிலேயே சைவமான நான், விடிய விடிய ஒரு வான்கோழிக்குக் காவல் இருந்தேன். துணைக்கு சம்பந்தியம்மாவின் அண்ணன். ஆக்ரன் நகரத்தில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அந்த இரவில்தான் குடும்பத்தின் சட்டதிட்டங்கள் தெரிந்தன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சமைத்துக்கொண்டு வர முடியாது. ஒவ்வொரு பதார்த்தமும் ஒருவருக்குப் பாத்தியப்பட்டது. பூசணி பை (pie) என்ற இனிப்புப் பண்டம் மூத்த அக்காவுடையது. பீன்ஸ் காசரோல் கடைசித் தங்கையுடையது, அவர்களுடைய அம்மா இறந்த பிறகு அவருக்கு வந்தது. இந்தக் காசரோல் ஒன்றும் பாட்டி காலத்துப் பண்டம் இல்லை. 1955-இல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையலறையில் டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணி உருவாக்கியது. பீன்ஸ், டப்பா காளான் சூப், மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். ஒரு வருஷம் புது மருமகள் ஒருத்தி நல்ல காளான் வாங்கி, சூப்பைத் தானே காய்ச்சி, அதைச் செய்துகொண்டு வந்தாளாம். யாரும் இரண்டாவது கரண்டி போட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து அவள் பொறுப்பு காகிதத் தட்டுகள்.

பண்டிகையின் கதையையும் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். 1621-இல், இப்போதைய மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் ஊரில் முதல் அறுவடை முடிந்து, ஆங்கிலேயக் குடியேறிகள் ஐம்பது பேரளவிலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் தொண்ணூறு பேரும் மூன்று நாள் விருந்துண்டார்கள். ஐந்து மான்கள் கொண்டுவந்தவர்கள் வாம்பனோவாக் மக்கள்தான். அவர்கள் மண் பிறகு பறிபோனது. 1970 முதல் அதே ஊரில் இதே வியாழனன்று பூர்வகுடிகள் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாடு முழுவதற்கும் ஒரே நாள் என்று 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவில், அதிபர் லிங்கன் அறிவித்தார். 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் வியாபாரிகளுக்காக ஒரு வாரம் முன்னால் தள்ள, சில மாநிலங்கள் ஒப்பவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் மாதிரி இரண்டு வியாழன்! 1941-இல் சட்டம் போட்டுத்தான் தீர்த்தார்கள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஓவன் நேரப் பட்டியல் ஒட்டியிருந்தது. வான்கோழியின் தொடையில் வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி செல்சியஸ் தொட்டபோது வீடே கைதட்டியது. சின்னவர்களுக்குத் தனியாக மடக்கு மேசை. என் மாப்பிள்ளை 27 வயது வரை அங்கேதான் உட்கார்ந்தாராம். கல்யாணம் ஆன பிறகுதான் பெரிய மேசைக்குப் பதவி உயர்வு.

எங்களுக்கென்று ஒரு பதார்த்தமும் ஒதுக்கப்படவில்லை, விருந்தாளிகள் அல்லவா? ஆனால் என் மனைவி சும்மா இருப்பவள் இல்லை. கிரான்பெரி என்ற சிவப்புப் பழத்தை வாயில் போட்டுப் பார்த்தாள், புளித்தது. நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம், மிளகாய்த்தூள். தொக்கு தயார். டப்பாவிலிருந்து அதன் வரிகள் பதிந்தபடியே வழுக்கி விழும் அவர்களுடைய கிரான்பெரி சாஸுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். முதலில் பெரியவர்தான் வான்கோழித் துண்டில் தடவிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர். ஆனாலும் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நாங்கள் போகவில்லை. ஆனால் யார் எதைக் கொண்டுவருவது என்ற வாட்ஸப் பட்டியலில் தொக்கு இருந்தது, மகள் பெயருக்கு நேராக. அவள் போன் செய்து, அம்மாவிடம் வெந்தயத்தின் அளவு கேட்டாள். அப்புறம், "காரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமாப்பா?" என்றாள் என்னிடம்.

நான் அந்தக் காகிதத் தட்டு மருமகளை ஞாபகப்படுத்தினேன்.

வணக்கம்.