உடைச்சாத்தான் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆடி வெள்ளிக் கூழோடு வந்து உட்கார்ந்திருக்கும் நங்கநல்லூர்ச் சொந்தங்களே, வணக்கம்.

'விலையும் வேலையும் நிலையில்லாத காலத்தில் வீட்டைப் புதுப்பிப்பதா, பொறுத்திருப்பதா?' இதுதான் தலைப்பு. புதுப்பிக்கலாம் என்ற அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று காரணம் சொன்னார். சிமென்ட்டுக்கு வரி குறைந்தது போல இன்னும் குறையும், வட்டி இறங்கும், ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் ஆட்குறைப்பு நடக்கிறது. அப்புறம், 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடித்தார். பூமியை ஆளலாம் அண்ணே, மொட்டை மாடியை யார் ஆள்வது?

எங்கள் வீடு மாமனார் 1991-இல் கட்டியது. 2019-இல் மாடியில் தட்டோட்டு இணைப்பெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. மேஸ்திரி வந்தார், காலால் தட்டிப் பார்த்தார், பழையதைப் பெயர்த்துவிட்டுக் கூலிங் டைல்ஸ் பதிக்க 85,000 ரூபாய் ஆகும் என்றார். "கம்பெனியில நிலைமை சரியில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த வருஷம் கொரோனா. அதற்கடுத்த வருஷம் கம்பி விலை ஏறிப்போச்சு. அப்புறம் பையனுக்குக் காலேஜ். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். நான் எதுவும் சொல்லவில்லை. சரி, சொன்னேன், ஆனால் சமையலறையில்தான் சொன்னேன்.

அந்தச் சமையலறையில்தான் விழுந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மழை விட்ட மறுநாள், கரண்ட் இன்னும் வரவில்லை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு காரை பெயர்ந்து மிக்ஸி மேல் விழுந்தது. செல்போன் வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. செங்கல் நிறம். விரலால் சுரண்டினால் வர்க்கி மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வருகிறது. துரு ஏறிய கம்பி பழைய இடத்தில் அடங்காது. உப்பி, சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பிளந்த வழியாக இன்னும் தண்ணீர், இன்னும் துரு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. அந்தத் துருவுக்கு ரிசர்வ் வங்கி அறிவிப்பும் தெரியாது, அமெரிக்கா வரி போட்ட சேதியும் தெரியாது. கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தளத்தின் அடிப்பக்கத்தைப் பூசி, நனைந்த வயரிங்கை மாற்றி, மாடியையும் போட்டு முடித்தபோது 3,40,000 ரூபாய். நாலு வருஷம் பொறுத்ததற்கான கட்டணம்!

இப்போது அண்ணனின் சிமென்ட்டுக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது, உண்மைதான். பழைய வரியோடு 350 ரூபாய் இருந்த மூட்டையில், கடைக்காரர் மனது வைத்தால், 27 ரூபாய் குறையும். ஒரு மாடி வேலைக்கு 25 மூட்டை என்று வையுங்கள், மிச்சம் 675 ரூபாய். இன்றைக்குக் கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குக் கூடக் காணாது. பழைய வீட்டு வேலையில் செலவைத் தின்பது கூலிதான். உடைக்க ஒரு கூலி, அள்ளிக் கொட்ட ஒரு கூலி, பூச ஒரு கூலி. அந்தக் கூலி குறைந்த வருஷம் எதையாவது அண்ணன் பார்த்திருக்கிறாரா?

வட்டியா? ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டிதான் ரெப்போ. 2020 மே மாதம் அது 4 சதவீதம். இனி இப்படியேதான் இருக்கும் என்று நம்பி மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்குப் போய்விட்டது. 2025 ஜூனில் 5.5-க்கு இறங்கியது. இதில் அடிமட்டம் எது என்று முன்கூட்டியே தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால் நான் மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். இன்னொருவர் வரிச்சலுகை பற்றிப் பேசினார். பழைய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது. அந்தக் கழிவுக்காகப் பத்து லட்சம் கடன் வாங்குவது, ஆடித் தள்ளுபடி என்று தி. நகர் போய்த் தேவையில்லாத புடவை எடுப்பது மாதிரி. அதையும் நான் செய்திருக்கிறேன்.

மூன்றாவது காரணம் வேலை. இதை நான் கேலி பண்ண மாட்டேன். எங்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் வரும் ஹெச்.ஆர். மெயிலுக்குப் பயம் உண்டு. அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவை எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். அதில் கை வைத்து ஒரு டைல்ஸ் கூட வாங்கக் கூடாது. ஆனால் அண்ணன் சொன்ன உதாரணம் என்ன? குரோம்பேட்டை நண்பர், கம்பெனி வேலை போய், வீட்டு வேலை பாதியில் நின்று, பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குப் போனார் என்று. ஏன் போனார்? வீட்டிலிருந்த இரண்டு பாத்ரூமையும் ஒரே நாளில் உடைத்தார்! இது பொருளாதாரத்தின் குற்றமா நடுவர் அவர்களே? ஒன்றை உடைத்து, முடித்து, குளித்துப் பார்த்துவிட்டு அடுத்ததில் கை வைத்திருந்தால், சம்பளம் நின்ற நாளில் வேலையும் நின்றிருக்கும், அவ்வளவுதான். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த வீட்டில் குடியிருக்க முடிய வேண்டும். நிலையில்லாத காலத்தில் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த 3,40,000 ரூபாய்க்குப் பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். மூன்று தலைப்பு: தண்ணி, கரண்ட், ஆசை. கசிவு, ஓட்டை பைப் எல்லாம் முதல் தலைப்பில். பழைய வயர், எர்த் இல்லாத பிளக் எல்லாம் இரண்டாவதில். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், நாத்தனார் வீட்டில் பார்த்த விளக்கு எல்லாம் ஆசையில். அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை நான் எதிரணிக் கட்சிதான், தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டும் காத்திருக்காது.

மேஸ்திரியிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஒரு பதில் சொல்வார்: "உடைச்சாத்தான் தெரியும்மா." ஏமாற்றுப் பேச்சு இல்லை, உண்மை. சுவருக்குள் பழைய ஜி.ஐ. பைப், அதாவது இரும்புத் தண்ணிக் குழாய், எப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அதற்காக நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் தனியே ஒதுக்கினேன். ஆனால் இன்னொன்றும் சொல்வார்: "ஆள் இருக்கும்போதே இதையும் பண்ணிடலாம்மா." ஒரு வீட்டு வேலையில் பேசப்படுகிற மிக விலை உயர்ந்த வாக்கியம் அது. உடனே நோட்டை எடுத்து ஆசைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, "பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம் மேஸ்திரி" என்பேன்.

போன வருஷம் பாத்ரூம் போட்டோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலைப் பழைய துணியால் அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கினோம். கீழ் வீட்டு மாமி தினம் இரண்டு வேளை அண்ணாந்து பார்த்து, "ஒண்ணுமில்லடி" என்று சொன்ன பிறகுதான் ஒட்டச் சொன்னேன். மேஸ்திரிக்குக் கடைசி 10,000 ரூபாயை ஒரு பெருமழை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே அடுத்த வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்கிறாராம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு சேதி. டீ இடைவேளையில் எதிரணித் தலைவர் அண்ணனின் வீட்டுக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஹாலில் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு வாளி வைத்தார்களாம். போன வருஷம் இரண்டு வாளி, ஒரு குண்டான். அண்ணே, ஐப்பசிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஆடியில் யாரும் பூமி பூஜை போடுவதில்லை, அதனால் மேஸ்திரி முதல் ரிங்கிலேயே போனை எடுக்கிறார். நம்பரை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். நன்றி, வணக்கம்.