துருத்திக்கும் ஒரு தனிக்கச்சேரி

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் எழுதிக்கொண்டு வந்ததில் பாதியைத் தீர்த்துவிட்ட துணைத்தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளை விட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பாட்டு வகுப்பு முடிந்து பையோடு வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். டாக்டரம்மாவை விட்டுவிட்டேன். மேடைக்கு இந்த இரண்டு மின்விசிறிகளும் அவர் உபயம். அம்மா, மன்னிக்கணும்.

இன்று இங்கே, தோளில் மாட்டித் துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் அக்கார்டியனில் தனிக்கச்சேரி. பாடகருக்குப் பின்னால் நின்று இடையிசை வாசிப்பதில்லை. ஒரே பெட்டி, ஒரே ஆள், ஐரோப்பிய இசை மேதைகளான பாஹும் ஸ்கார்லாட்டியும். மூன்று விஷயங்கள் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்று, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது. இரண்டு, பாஹின் இசை இதில் எப்படி உட்காருகிறது. மூன்று, சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் நம்முடைய கமகம் இதில் வருமா.

நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தக் கருவி பட்ட பாடெல்லாம் அதில் இருக்கிறது.

1829-இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் தம் மகன்களோடு சேர்ந்து இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கட்டையை அழுத்தினால் சுரக்கூட்டு ஒன்று மொத்தமாகக் கேட்கும். அந்தக் கூட்டுக்கு ஜெர்மனில் ‘அக்கோர்ட்’ என்று பெயர். கருவிக்கும் அதுவே பெயராயிற்று. பாஹ் இறந்தது 1750-இல். ஆக, அவர் காலமாகி 79 ஆண்டுக்குப் பிறகுதான் இது பிறந்திருக்கிறது. அப்புறம் நேராக நடனக் கொட்டகைக்கும் மதுக்கடைக்கும் போய்விட்டது. கச்சேரி மண்டபத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

சுளித்ததில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வழக்கமான பெட்டியில் இடது கைக்கு 120 பொத்தான்கள். அதில் 80 சுரக்கூட்டு. தனிச்சுரம் தரும் 40-ம் ஒரே ஸ்தாயிக்குள் சுற்றிச் சுற்றி வரும். டான்ஸுக்கு அது தாராளம். பாஹிடம் வலது கை ஒரு வரியைத் தொடங்கினால் இடது கை அதே வரியைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓட வேண்டும். அதற்காகத்தான் பொத்தானுக்கு ஒரே சுரம், பல ஸ்தாயி என்ற ‘ஃப்ரீ பாஸ்’ அமைப்பு வந்தது. டென்மார்க்கின் அக்கார்டியன் கலைஞர் மோகன்ஸ் எல்லகோர் அதை மேடையில் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர். 1958-இல் இசையமைப்பாளர் ஓலே ஷ்மிட் அவருக்காக வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு ஒன்றை எழுதினார். ரஷ்யாவில் அவரைப் போல ஃப்ரீட்ரிக் லிப்ஸ். லிப்ஸுக்காக இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினா 1978-இல் எழுதிய ‘டி ப்ரோஃபுண்டிஸ்’ படைப்பில், சுரமே இல்லாமல் துருத்தி மட்டும் விரிந்து சுருங்கும் இடங்கள் உண்டு. நோயாளி மூச்சு விடுவது போலிருக்கும். கேட்டால் தூக்கம் வராது, எச்சரித்துவிட்டேன்.

தேவாலயத்து ஆர்கனிலும் காற்றுதான். ஆனால் விரல் அழுத்தத்தால் அங்கே சுரத்தைப் பெருக்கவோ தணிக்கவோ முடியாது. இதில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே துருத்தியை இறுக்கினால் ஒலி பெருகும், தளர்த்தினால் அடங்கும். நாகஸ்வரக்காரரின் மூச்சு மாதிரி. இன்று அதைக் கவனியுங்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? காற்றில் அதிரும் உலோக நாக்கான ரீடில் ஒலிக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலி வெளியே நிறுத்தியது. 1971-இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். 31 வருஷம்! கூடம் கோணலாம். கமகம் வராது என்றார்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது இதில் வராது, உண்மைதான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நான் மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்த காலம். சித்திரை மாதம், அம்மன் கோயில் திருவிழா. பெட்டியை வேன் கூரையில் கட்டிவிட்டார்கள். கறுப்பு உறை, உச்சிவெயில், ஆறு மணி நேரப் பயணம். ராத்திரி மேடையேறி முதல் பாட்டின் முன்னிசைக்குத் துருத்தியை விரிக்கிறேன், சத்தமே இல்லை. இன்னொரு கட்டையை அழுத்தினால் எருமை கத்துகிறது. பதறிப்போய்ப் பெட்டியைக் குலுக்கினேன். உள்ளே கிலுகிலுப்பை! ஜனம் ஏதோ புதுத் தாளவாத்தியம் என்று நினைத்துக் கைதட்டியது. பாடகர் என்னை முறைக்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, “தம்பி, உள்ள எலி பூந்திருக்கு, பாத்து” என்றார். கூட்டம் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் வாசிக்கத் தெரியாதவன் என்று அந்த ஊரில் இன்றும் நம்புகிறார்கள். ஆடத் தெரியாதவள் பழமொழியை அன்றைக்கு என்னிடமே திருப்பிச் சொன்னார்கள். ஐயா, அன்று மட்டும் நிஜமாகவே கூடம்தான் கோணல்!

நடந்தது என்னவென்றால், ரீடு பதித்த தகடுகளை உள்ளே தேன்மெழுகில்தான் ஒட்டியிருப்பார்கள். வெயிலில் மெழுகு இளகிவிட்டது. தகடெல்லாம் உதிர்ந்து கிடந்தன. வலது கைக்கு 41 கட்டை, கட்டைக்கு 4 ரீடு, இழுக்க ஒரு நாக்கு, தள்ள ஒரு நாக்கு. அதிலேயே 328 ஆயிற்று. எங்கெங்கோ அலைந்து, ஆர்மோனியம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரைப் பிடித்தேன். பதினோரு நாள் உட்கார்ந்தார். மெழுகை உருக்கி ஒவ்வொரு தகடாகப் பதித்தார். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அரத்தை ஒரு இழுப்பு இழுப்பார், காதில் வைப்பார், மறுபடி ஒரு இழுப்பு. அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் வந்தேன். நம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள். நல்லது. அந்தக் கருவி உடைந்தால்? வாசிக்கும் பிள்ளை ஒரு பக்கம், பழுதுபார்க்கும் பிள்ளை ஒரு பக்கம் என்று ஒரு பட்டறை அங்கேயே வேண்டும். ஒரு மேஜை, நான்கு அரம், ஒரு அடுப்பு, விஷயம் தெரிந்த ஒரு ஆசிரியர். இன்று வாசிக்கப்போகும் பெண், ரீடு ஒன்று கம்மினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிமாநிலத்துக்கு ரயிலேறுகிறார். பெட்டி 10 கிலோவுக்கு மேல். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் இதை உரிய இடத்தில் சொல்வதாகக் காபி குடிக்கும்போது வாக்களித்தார்கள். மைக்கிலும் பதிவு செய்துவிடுகிறேன்.

சரி, அந்தப் பெண் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரமாக ஓரத்தில் நிற்கிறார். தலைவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பட்டறை கேட்கும் மனு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. இடைவேளையில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பேனா என்னுடையது, திருப்பி அங்கேயே வைத்துவிடுங்கள்.